கடற்கரை மணலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்: யார் இந்த ஹியூ கிளெக்ஹார்ன்? மரக்காணம் கரைக்கு அவர் ஏன் இன்னும் தேவை?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடாகின. பாத்தி எது, வரப்பு எது, வாய்க்கால் எது என்றே தெரியாத நிலை. அதற்கு முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் பல்லாயிரம் மரங்களை வேரோடு சாய்த்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒரே காட்சிதான். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவார்கள். பூங்காவிலும் சாலை ஓரத்திலும் புதுக் கன்று நடுவார்கள். குழி வெட்டினோமா, கன்றை வெச்சோமா, போட்டோ எடுத்தோமா என்று வேலை முடிந்துவிடும். எந்த மரம், எந்த மண்ணில், யார் பொறுப்பில் என்ற மூன்று கேள்விகளை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளை சுமார் 170 வருடங்களுக்கு முன்பே இதே சோழமண்டலக் கரையில் நின்று கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் தோட்டக்காரர் இல்லை, ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் என்று வனத்துறை வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அவர் கடற்கரை மணலைப் பற்றியும் பொதுத் தோட்டங்களைப் பற்றியும் அக்கறையாக எழுதியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படாத சங்கதி.

சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்

கிளெக்ஹார்ன் 1820 ஆகஸ்ட் 9 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை இங்கே உச்ச நீதிமன்றத்தில் அதிகாரி. தாத்தாவின் பெயரும் ஹியூ கிளெக்ஹார்ன்தான். அந்தத் தாத்தா சாதாரண ஆள் இல்லை. இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது பின்னால் இருந்து காய் நகர்த்தியவர், பிறகு இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சியின் முதல் காலனிச் செயலாளராக இருந்தவர்.

பேரனுக்கு நான்கு வயது ஆகும்போது ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குப் பக்கத்தில் ஸ்ட்ராவிதி என்ற பண்ணை. தாத்தாவின் அந்தப் பண்ணையில்தான் பையன் வளர்ந்தான். நிலம், மரம், தோட்டம் எல்லாம் அங்கே கண் முன்னால் இருந்த பாடம். பிறகு எடின்பரோவில் மருத்துவம் படித்து 1841இல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் மருத்துவம் படிப்பவர்கள் தாவரவியலும் கட்டாயம் படிக்க வேண்டும். மருந்தெல்லாம் வேரிலும் பட்டையிலும் இலையிலும் இருந்து வந்த காலம் அது. வைத்தியருக்குச் செடி தெரியாவிட்டால் வைத்தியமே இல்லை.

1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகப் பிறந்த ஊருக்கே திரும்பினார். முதலில் சென்னைப் பொது மருத்துவமனையில் வேலை. பிறகு மைசூர் சமஸ்தானத்தில் ஷிமோகா பக்கம் அனுப்பப்பட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு செடி

ஷிமோகாவில் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. தினமும் ஒரு செடியை எடுத்து உட்கார்ந்து படிப்பது. கியூ தோட்டத்தின் தாவரவியல் அறிஞர் வில்லியம் ஹூக்கர் சொன்ன யோசனை அது. கிளெக்ஹார்ன் அதோடு நிற்கவில்லை. உள்ளூர் ஓவியர் ஒருவரை அமர்த்தி, பார்த்த செடிகளை எல்லாம் வரைய வைத்தார். பின்னாளில் சென்னைக்கு வந்த பிறகு கோவிந்து என்ற ஓவியரும் அவருக்காக ஏராளமான செடிகளை வரைந்தார். அந்த ஓவியங்கள் இன்றும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. செடியின் பெயரில் கிளெக்ஹார்ன் இடம் பிடித்தார். படம் வரைந்தவர்களின் பெயர்கள் வெளியே தெரிவதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

மைசூரில் அடித்த காய்ச்சல் அவரை ஓய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கேதான் வாழ்க்கை திசை மாறியது. 1850இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் எடின்பரோவில் கூடியது. வெப்பமண்டலக் காடுகளை அழித்தால் பொருளாதாரத்துக்கும் இயற்கைக்கும் என்ன ஆகும் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கையை 1851இல் கிளெக்ஹார்ன் முன்வைத்தார். காடு போனால் மழைநீர் மண்ணில் தங்காது, ஆறு வறளும், விறகு விலை ஏறும் என்பதெல்லாம் இன்று பள்ளிப் பாடம். அன்று அரசாங்கத்தின் காதில் இதைப் போடுவதே பெரிய வேலையாக இருந்தது.

பூங்காவுக்கு ஏன் பட்டியல் வேண்டும்?

திரும்பி வந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். கூடவே வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கௌரவச் செயலாளர். 1835இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் தோட்டம் இன்றைய கதீட்ரல் சாலையில் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவையும், 2024இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவையும் பார்க்கலாம். இரண்டுமே ஒரு காலத்தில் அந்தச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில் எழுந்தவைதான்.

அங்கே கிளெக்ஹார்ன் செய்த முக்கியமான வேலை, தோட்டத்தில் இருந்த செடிகளுக்கும் மரங்களுக்கும் பட்டியல் போட்டது. 1853இல் அது புத்தகமாக வந்தது. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பட்டியல் இல்லாத பூங்காவில் ஒரு மரம் காணாமல் போனால் போனதுதான். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் இருந்தால், இந்த இடத்தில் இருந்த புன்னை எங்கே என்று கேட்க முடியும். எது பிழைத்தது, எது செத்தது, எதை மறுபடி வாங்கக் கூடாது என்பதும் தெரியும். ஒரு பேரூராட்சிப் பூங்காவில் 60 மரம்தான் இருக்கிறது என்றாலும் இதே கணக்குதான்.

பெங்களூரின் லால்பாக் 1856இல் அரசுத் தோட்டமாக நிலைபெற்றதிலும் அவருடைய பங்கு உண்டு. தோட்டம் என்று பெயர் வைத்தால் போதாது, அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படித்தான் கியூ தோட்டத்தில் தொழில் கற்ற வில்லியம் நியூ என்பவர் லால்பாகுக்கு வந்து சேர்ந்தார். லால்பாக் இன்று வரை நிற்பதற்கு அங்கே தொடர்ந்து பொறுப்பான ஆட்கள் இருந்தது ஒரு பெரிய காரணம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில், 1859 வாக்கில், சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. ஊர் மக்கள் காற்று வாங்கப் போட்ட பூங்கா. பிறகு ஒரு பக்கம் மூர் மார்க்கெட், ஒரு பக்கம் ரிப்பன் மாளிகை, ஒரு பக்கம் ரயில்வே, ஒரு பக்கம் விளையாட்டரங்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. இன்று மை லேடீஸ் பூங்கா என்ற சின்னத் துண்டுதான் அதன் மிச்சம். பூங்காவை அழிக்க எப்போதும் கோடாலி தேவைப்படாது. காலி இடம்தானே என்ற நினைப்பே போதும்.

மணல் ஏன் ஓடுகிறது? எது பிடித்து வைக்கிறது?

இனி கடற்கரைக்கு வருவோம். 1850களில் சென்னைக் கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகள் பற்றி கிளெக்ஹார்ன் ஒரு குறிப்பு எழுதினார். மணல் காற்றில் பறந்து பாதையையும் தோட்டத்தையும் மூடுவது அன்றைய சென்னையில் ஒரு தொல்லை. அதற்குச் சுவர் கட்டத் தேவையில்லை, கரையில் தானாக வளரும் செடிகளே போதும் என்ற திசையில் அவர் யோசித்தார்.

மரக்காணம் கரையில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தச் செடிகள் எல்லாம் அறிமுகமானவைதான். முதலில் இராவணன் மீசை. முள்போல் குத்தும் புல். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலில் ஓடும். அதன் காய்க்கொத்து பந்து மாதிரி காற்றில் உருண்டு போய் விதையைத் தூவும். அடுத்தது அடும்பு. ஆட்டுக் குளம்புபோலப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வருகிற அதே கொடி. உப்புக் காற்று அடித்தாலும், மணல் மூடினாலும், மேலே தலையை நீட்டிக்கொண்டு மறுபடி வேர் விடும்.

இவை இரண்டும் முன்வரிசை. இவை மணலை நிறுத்தின பிறகுதான் பின்னால் தாழை வரும். தாழையின் ஊன்றுவேர் மணல்மேட்டைக் கம்பு ஊன்றியதுபோலத் தாங்கும். அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை. சின்னச் செடிகள் முன்னால் இருந்து காற்றின் வேகத்தையும் உப்பையும் வாங்கிக்கொள்வதால்தான் பெரிய மரங்கள் பின்னால் பிழைக்கின்றன. முன்வரிசையை மண்வெட்டியால் சுரண்டிப் போட்டுவிட்டு நேராக மரக்கன்று வைத்தால், கன்று ஒரு கோடைகூடத் தாங்காது. கடற்கரைப் பூங்காக்களில் அழகுக்காக அடும்பைப் பிடுங்கிவிட்டுப் புல்தரை போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இப்போது புரியும்.

உப்பளக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்பு விளைய வெயிலும் காற்றும் வேண்டும். பாத்திக்கு நடுவில் மரம் வைக்க முடியாது. ஆனால் காற்றோடு மணல் வந்து பாத்தியில் விழுந்தால் உப்பின் வெள்ளை போய்விடும், விலையும் போய்விடும். பாத்திக்குக் காற்று திறந்திருக்க வேண்டும், கரை மணல் அடங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்து தருவது தரையோடு படரும் கொடிகள்தான். தமிழ்நாட்டின் பெரிய உப்பு உற்பத்தி மையங்களில் ஒன்றான மரக்காணத்துக்கு அடும்பு ஒரு களைச்செடி என்று சொல்லிவிட முடியாது.

காட்டுக்கு ஒரு துறை

1856 சென்னைக்கு ஒரு திருப்புமுனை. ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள் வேண்டும். இன்ஜினுக்கு விறகு வேறு. கப்பல் கட்டத் தேக்கு, பட்டணத்து அடுப்புக்கு விறகு, செங்கல் சூளைக்கு விறகு. காடு தாங்குமா? அந்த வருடம் டிசம்பரில், ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் அரசு கிளெக்ஹார்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமித்தது.

அடுத்த சில வருடங்கள் அவர் மாகாணம் முழுக்க அலைந்தார். நிலம்பூர் தேக்குத் தோட்டம், நீலகிரி, 1858இல் ஆனைமலை என்று நீண்ட பயணம். தேக்கு, சந்தனம், ஈட்டி போன்றவற்றை அனுமதியின்றி வெட்டக் கூடாத மரங்களாக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் என்ன வெட்டினோம், என்ன நட்டோம் என்று அறிக்கை எழுதினார். அந்த அறிக்கைகளைத் தொகுத்து 1861இல் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். காட்டையும் தோட்டத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்தது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே பராமரிப்புதான் என்பது அவர் நம்பிக்கை.

கறை இல்லாத கதையா?

இல்லை. அவருடைய ஆலோசனைகளின் தொடர்ச்சியாக 1860இல் மெட்ராஸ் அரசு குமரி எனப்படும் மாற்றிட வேளாண்மைக்குத் தடை போட்டது. மலையில் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, இரண்டொரு வருடம் பயிர் செய்து, பிறகு அதை ஆறப்போட்டு வேறு இடம் போகிற முறை அது. தலைமுறை தலைமுறையாக அப்படிப் பிழைத்த மலை மக்களுக்கு இந்தத் தடை பெரிய அடி. ரயிலுக்கும் கப்பலுக்கும் போன மரத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் வெட்டியது எவ்வளவு என்ற கேள்வியை வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள். கிளெக்ஹார்ன் ஒப்பந்தக்காரர்களின் வீணடிப்பையும் கண்டித்தவர்தான். ஆனாலும் அரசின் கை எளியவர்கள் மீதுதான் முதலில் விழுந்தது. காட்டைக் காப்பாற்ற வந்த துறை, காட்டில் இருந்தவர்களை வெளியே நிறுத்திய கதையின் தொடக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாக இருக்காது.

இதில் நம் ஊர்ப் பூங்காக்களுக்கும் ஒரு பாடம் உண்டு. வேலி போட்டு, பூட்டுப் போட்டு, சுற்றி இருப்பவர்களை உள்ளே விடாமல் வளர்க்கிற மரத்துக்குப் புயல் நாளில் பரிந்து வர யாரும் இருக்க மாட்டார்கள்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் உள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசா, வீரை போன்ற இந்தக் கரையின் பழைய மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அதைக் காப்பாற்றி வைத்தது எந்தத் துறையும் இல்லை. சாமிக்கு உரியது, கை வைக்கக் கூடாது என்ற ஊரின் கட்டுப்பாடுதான்.

சவுக்கு வந்த பிறகு

1860களில் கிளெக்ஹார்ன் பஞ்சாப், மேற்கு இமயமலைக் காடுகளை ஆராயப் போனார். 1864இல் இந்தியா முழுமைக்குமான வனத்துறைக்கு டீட்ரிச் பிராண்டிஸ் தலைவரானார். அவர் ஊரில் இல்லாதபோது அந்தப் பொறுப்பைக் கிளெக்ஹார்ன் பார்த்தார். 1860களின் முடிவில் ஓய்வு பெற்று ஸ்ட்ராவிதிக்குத் திரும்பினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்து மர வளர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தார். எடின்பரோவில் வனவியலைப் பாடமாக வைக்கப் பாடுபட்டார். 1895 மே 16 அன்று அதே பண்ணையில் காலமானார். அவர் நினைவாக ஒரு தாவரப் பேரினத்துக்குக் கிளெக்ஹார்னியா என்று பெயர் வைத்தார் இன்னொரு மெட்ராஸ் டாக்டரான ராபர்ட் வைட்.

இங்கே அதற்குள் சோழமண்டலக் கரை முழுக்கச் சவுக்கு பரவத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் வளரும், விறகுக்கு நல்ல சூடு. பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாகச் சவுக்கு விறகும் உப்பும் சென்னைக்குப் போன காலம் உண்டு. அந்தக் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் உயிர்க்கவசம் என்று மறுபடியும் சவுக்கு வரிசை வரிசையாக நடப்பட்டது. காற்றைத் தடுக்கச் சவுக்கு நல்ல மரம், விவசாயிக்குக் காசு தரும் மரம். அதில் சந்தேகம் இல்லை. மணல்மேட்டைச் சமப்படுத்தி, அடும்பையும் இராவணன் மீசையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை நடும்போதுதான் சிக்கல். சவுக்கின் சருகு தரையை மூடிவிட்டால் கீழே வேறு செடி எளிதில் முளைக்காது. ஆமை முட்டையிட வரும் மணலும் குறைகிறது.

அப்படியானால் இன்று என்ன செய்யலாம்?

கிளெக்ஹார்னின் வாழ்க்கையிலிருந்து இந்தக் கரையின் பூங்காக்களுக்கும் சாலை மரங்களுக்கும் எடுத்துக்கொள்ள நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, கணக்கு. பூங்காவில் என்ன மரம், எங்கே, என்ன நிலையில் என்று ஒரு நோட்டு. வருடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஆகஸ்ட், செப்டம்பரில் பார்த்தால் காய்ந்த கிளை, பொந்து விழுந்த தண்டு எல்லாம் புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மண்ணுக்கு ஏற்ற மரம். 2016 வர்தா புயலில் சென்னையில் தூங்குமூஞ்சி, குல்மோஹர் போன்ற வெளியூர் மரங்கள் அதிகம் விழுந்ததைப் பார்த்தோம். உப்பு மண்ணில் புன்னை, பூவரசு, புங்கம், பனை, தாழை நிற்கும். மெதுவாகத்தான் வளரும். பதவிக் காலம் முடிவதற்குள் நிழல் தராது என்பதுதான் அவற்றின் ஒரே குறை.

மூன்றாவது, பராமரிப்பு. உப்புத் தரையில் நட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடை நல்ல தண்ணீர் அவசியம். தண்ணீர் வேர்ப்பகுதி உப்பைக் கீழே இறக்கும். தூரைச் சுற்றி சிமென்ட் பூசக் கூடாது. பூசினால் வேர் மூச்சுவிட முடியாமல் மேலோட்டமாகப் பரவும், காற்றடித்தால் சாயும். மின்கம்பிக்காக உச்சியை மொட்டையடிப்பதும் ஆபத்து. வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும், அதற்கு மேல் கொத்தாக வரும் புதுக்கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது. தேவையான கிளையை மட்டும் தண்டோடு சேரும் இடத்தில் சுத்தமாக அறுத்தால் மரமே காயத்தை மூடிக்கொள்ளும்.

நான்காவது, பொறுப்பு. பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வெட்டுவதற்குக் கேட்க ஒரு குழு இருப்பது நல்லதுதான். வளர்ப்பதற்கு யாரைக் கேட்பது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரர், அவருக்கு மாதச் சம்பளம், தொழில் கற்றுக்கொள்ள ஒரு வழி. லால்பாகுக்குக் கிளெக்ஹார்ன் கேட்டதும் இதைத்தான்.

கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், சாலை அகலமாகும், புதுப் பூங்காக்கள் வரும். இந்தக் கரை இனி மாறத்தான் போகிறது. அந்த வேலைகளுக்கு மதிப்பீடு போடும்போது கன்றுக்கு எவ்வளவு, குழிக்கு எவ்வளவு என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர வேண்டும்: இரண்டு கோடைக்குத் தண்ணீருக்கு எவ்வளவு, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு எவ்வளவு. உங்கள் ஊரில் அடுத்த முறை கிராம சபையோ வார்டு கூட்டமோ நடந்தால், அந்த இரண்டு வரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.